கனடியச் சிறுகதைக்கு மதிப்புரை எழுதப் போகிறீர்களா?

முதலில் பின்னட்டையைப் படிக்காதீர்கள். கனடா என்றாலே பனி, தனிமை, மேப்பிள் மரம் என்று கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். என் கையும் ஓடியது. கனடாவின் சிறுகதை எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவுக்கு 2013-ல் நோபல் கிடைத்த சமயம் ஒரு சிற்றிதழுக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்றரைப் பக்கம் கதைச்சுருக்கம். "கதை தெரியுது, நீங்க எங்கே?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் ஆசிரியர்.

அதற்கப்புறம் எந்தக் கதையையும் இரண்டு முறை படிக்கிறேன். இரண்டாம் முறை காலம் தாண்டும் இடங்களில் மட்டும் கோடு போடுவேன். மன்றோவை எழுத இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 'தி பேர் கேம் ஓவர் த மவுண்டன்' கதையைப் பாருங்கள். தொடக்கத்தில் ஃபியோனா இளம்பெண். குளிரடிக்கும் கரையில் நின்று விளையாட்டுப்போல் கல்யாணப் பேச்சை எடுக்கிறாள். அடுத்த பகுதியில் அவளுக்கு எழுபது வயது. ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது, காப்பகத்துக்குக் கிளம்புகிறாள். சமையலறைத் தரையில் மலிவான கறுப்புச் செருப்பு விட்ட கறை கண்ணில் படுகிறது. தேய்த்துக்கொண்டே, அந்தச் செருப்பைத் தான் எடுத்துப் போகவில்லை, இனி இந்த வேலை இருக்காது என்கிறாள். கணவன் கிராண்டின் துரோகங்களெல்லாம் பிறகு மெல்ல மெல்லத்தான் வரும். மதிப்புரையை அந்தக் கறையிலிருந்து தொடங்குங்கள். திரும்பி வராத வீட்டை அவள் ஏன் துடைக்க வேண்டும்? பதில் கிடைக்காவிட்டாலும் கேள்வியை எழுதிவிடுங்கள்.

பரிசு முத்திரையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். கனடாவின் இலக்கியப் பரிசான கில்லரை 2010-ல் வாங்கிய 'தி சென்டிமென்டலிஸ்ட்ஸ்' நாவலை வெளியிட்டது, அப்போது நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இருந்த காஸ்பெரோ என்ற சின்ன அச்சகம்தான். பரிசு அறிவித்த பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் புத்தகம் அச்சடித்து மாளவில்லை.

சுவன்காம் தம்மவோங்சா 2020-ல் கில்லர் வாங்கியவர். அவருடைய 'ஹவ் டு ப்ரனவுன்ஸ் நைஃப்' தொகுப்பின் தலைப்புக் கதையில் லாவோஸிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி, அப்பா சொல்லிக் கொடுத்தபடி 'நைஃப்' என்ற சொல்லின் முதல் எழுத்தான, ஒலிக்கக் கூடாத 'கே'யையும் சேர்த்து வகுப்பில் வாசிக்கிறாள். எழுதியிருப்பதைத்தானே வாசிக்க வேண்டும் என்று பழகிய தமிழர்களுக்கு அவள் கட்சியில் சேரத்தான் தோன்றும். சேருங்கள். ஆனால் 'புலம்பெயர்ந்தோர் வலி' என்று எழுதிவிடாதீர்கள், அதோடு மதிப்புரை படுத்துவிடும். அன்று இரவு அப்பா ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, பள்ளியில் தெரிந்துகொண்டதை அவள் சொல்லாமல் விடுகிறாள். எழுத வேண்டியது அதைத்தான்.

குறை இருந்தால் மழுப்பாமல், எந்தக் கதை, எந்தப் பத்தி என்று காட்டிச் சொல்லுங்கள். இதே தொகுப்பில் சில கதைகள் இன்னும் அரைப்பக்கம் போயிருக்கலாம், கடைசி வரி அழகாக அமைந்ததும் ஆசிரியர் எழுந்து போய்விடுகிறார் என்பது என் மனத்தாங்கல். மன்றோ என்றால் அங்கே இன்னொரு இருபது வருடம் தாண்டியிருப்பார்.