கொதிக்கும் குழாய்க்குள் 8 கிலோவோல்ட்: சோதனை அமைப்பு கட்டும் முறை

திரவமும் ஆவியும் சேர்ந்து ஓடும் குழாய்க்குள் மின்புலம் கொடுத்தால் வெப்பப் பரிமாற்றம் கூடும் என்பது பாதி உண்மை. கம்பியைத் தவறான இடத்தில் வைத்தால் குறையவும் செய்யும். பர்கூர், தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரிகளில் இதை இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்க நினைப்பவர்கள், எத்தனை கிலோவோல்ட் வேண்டும் என்று தொடங்காமல், கம்பி எங்கே இருக்க வேண்டும் என்று தொடங்குவது நல்லது.

மின்புலம் வலுவாக உள்ள இடத்துக்குத் திரவம் இழுபடும். ஆவிக்குமிழ் வலுக்குறைந்த பக்கம் ஒதுங்கும். ஏசி, ஃப்ரிட்ஜில் போடும் கேஸான ஆர்-134ஏயின் டைஎலக்ட்ரிக் மாறிலி (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்ற அளவு) அறை வெப்பநிலையில் திரவத்துக்கு ஏறத்தாழ 9.5, ஆவிக்கு 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். இந்த இடைவெளிதான் இழுவிசையைத் தருகிறது. குழாயின் நடுவில் கம்பி ஓடினால் புலம் கம்பியை ஒட்டியே வலுவாக இருக்கும், எனவே சுவரில் உள்ள திரவம் நடுவுக்குப் போகும். ஆவி குளிர்ந்து திரவமாகும் வேலைக்கு இது வரம்: சுவரில் படியும் திரவப் படலம் மெலிந்துவிடும். கொதிக்கும் வேலைக்கோ, ஆவிப் பங்கு (கலவையின் எடையில் ஆவியின் விகிதம்) குறைவாக இருக்கும்வரை கலக்கிவிட்டு உதவும். ஆவிப் பங்கு ஏறியபின், சுவரில் மிச்சமிருக்கும் படலத்தையும் உரித்தெடுத்துச் சுவரைக் காய வைத்துவிடும். ஆகவே குளிர்விப்புச் சோதனைக்கு நடுக்கம்பி. அதிக ஆவிப் பங்கில் கொதிப்புச் சோதனைக்குச் சுவரிலிருந்து 2 மி.மீ. தள்ளிச் சுருளாகச் சுற்றிய கம்பி.

நடுக்கம்பிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை அங்குலச் செம்புக் குழாய், உள்விட்டம் 11 மி.மீ.; கம்பி 3 மி.மீ. கம்பிப் பரப்பில் புலம் என்பது மின்னழுத்தத்தைக் கம்பியின் ஆரத்தாலும், இரு ஆரங்களின் விகிதத்தின் இயல் மடக்கையாலும் வகுத்தால் வருவது. 8 கிலோவோல்ட்டில் கம்பிப் பரப்பில் மி.மீ.க்கு 4.1 கிலோவோல்ட், சுவரில் 1.1 மட்டுமே. விசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் 13 மடங்கு. சுவரருகே உள்ள புலம் தூக்கக்கூடிய திரவ உயரம் அரை மி.மீ.கூட இல்லை, கம்பியருகே 5 மி.மீ.க்கு மேல். திரவ மட்டம் கம்பியை நெருங்கியதும் திடீரென்று தாவி ஏறுவது இதனால்தான். கண்ணாடிக் குழாய்த் துண்டு ஒன்றைச் சோதனைப் பகுதியின் முடிவில் வைத்தால், மேலேறிய திரவம் அலையலையாய் வெளிவருவதைப் பார்க்கலாம். அக்ரிலிக், பாலிகார்பனேட் வேண்டாம், ரெஃப்ரிஜரன்ட் பட்டால் விரிசல் விடும். போரோசிலிகேட் கண்ணாடிதான் சரி.

எந்தத் திரவம்? தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆகாது. பென்டேன், ஹெக்சேன் மின்காப்பில் நல்லவைதான், ஆனால் ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. குளிர்பதனக் கிடங்கு அமோனியாவில் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம்: கொஞ்சம் ஈரம் கலந்தாலே மின்கடத்தல் ஏறும், கசிந்தால் நச்சு. ஆர்-134ஏ ஏசி மெக்கானிக் கடையிலேயே கிடைக்கும், தீப்பிடிக்காது. ஆனால் மின்வில் அடித்தால் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு தரும். அறையில் காற்றோட்டம் கட்டாயம்.

கம்ப்ரஸர் வைத்த சுற்றைத் தவிர்க்கவும். கம்ப்ரஸர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், திரவத்தின் மின்கடத்தலைக் கூட்டும், முடிவுகள் நாளுக்கொன்றாய் வரும். எண்ணெயில்லாத மேக்னெட்டிக் கியர் பம்ப், ஃபில்டர் டிரையர், முன்சூடாக்கி, சோதனைப் பகுதி, குளிர்விப்பான், திரவத்தொட்டி: இதுதான் சுற்று. சோதனைப் பகுதி 500 மி.மீ. நீளம், சுற்றிலும் தண்ணீர் ஜாக்கெட். சதுர மீட்டருக்கு நொடிக்கு 100 கிலோ ஓட்டம் வேண்டுமானால் பம்ப் நொடிக்கு 8.8 கிராம் தள்ள வேண்டும். சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் வெப்பம் கொடுத்தால் மொத்தம் 173 வாட், ஆவிப் பங்கு 0.11 மாறும். ஜாக்கெட்டில் நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டால் 5 டிகிரி வித்தியாசம் கிடைக்கும், அளக்கப் போதுமானது. ஓட்டத்தை அதற்குமேல் கூட்டினால் வித்தியாசம் சுருங்கி, தெர்மோகப்பிள் பிழையே முடிவாகிவிடும். போர்வெல் தண்ணீரை விட வேண்டாம். இங்குள்ள உப்பில் ஜாக்கெட் சீக்கிரம் வெள்ளை பூக்கும்.

உயர் மின்னழுத்தத்தைக் குழாய்க்குள் கொண்டுபோக விலை உயர்ந்த ஃபீட்த்ரூ (அழுத்தம் கசியாமல் மின்கம்பியை உள்ளே விடும் காப்பு முனை) தேவையில்லை, 14 மி.மீ. மரையுள்ள ஸ்பார்க் பிளக் போதும். எஞ்சின் அழுத்தத்தைத் தாங்குவது 10 பாரையும் தாங்கும். எர்த் முனையை அறுத்து எடுத்துவிட்டு, நடுமுனையில் கம்பியைச் சேர்க்கவும். கம்பியை டெஃப்லான் தாங்கிகளில் 150 மி.மீ.க்கு ஒன்றாக நிறுத்தவும்; தாங்கியில் ஓட்டத்துக்கு நான்கு துளைகள். கம்பி அரை மி.மீ. சாய்ந்தாலே ஒரு பக்க இடைவெளி 4-லிருந்து 3.5 மி.மீ. ஆகிவிடும்.

சப்ளை 0–10 கிலோவோல்ட் டிசி, அதிகபட்சம் 1 மில்லிஆம்பியர். சப்ளைக்கும் பிளக்குக்கும் நடுவே 470 கிலோஓம், 1 வாட் மின்தடைகள் இருபதை வரிசையாகக் கோத்து, பிவிசி குழாயில் வைத்து எபாக்ஸி ஊற்றவும். 8 கிலோவோல்ட்டில் குழாயில் ஷார்ட் ஆனாலும் 0.85 மில்லிஆம்பியரைத் தாண்டாது. மின்தடை ஒவ்வொன்றின் மேலும் சுமார் 400 வோல்ட்தான் விழும். பத்தோடு நிறுத்திச் சிக்கனம் பிடித்தால் மின்தடையின் மேற்பரப்பு வழியே பொறி தாவும்.

செம்புக் குழாய், ஜாக்கெட், பம்ப் எல்லாம் ஒரே எர்த் புள்ளியில். கருங்கல் பூமி என்பதால் கோடையில் எர்த் குழி காய்ந்து மின்தடை ஏறிவிடும். கரித்தூளும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, 5 ஓமுக்குக் கீழே வந்ததை அளந்து பார்த்தபின்பே சப்ளையைத் தொடவும். தெர்மோகப்பிள்கள் குழாயின் வெளிச்சுவரில் மட்டும். சுவரின் தடிமனால் வரும் வித்தியாசம் 0.03 டிகிரிதான், கணக்கில் விட்டுவிடலாம்.

விட்டுவிடக் கூடாதது வேறொன்று: அழுத்தமானி. அது காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம். பாடப்புத்தகப் பழக்கத்தில் 1.013 பார் கூட்டினால், சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் அது 0.1 பார் அதிகம். அங்கே காற்றழுத்தம் 0.91 பாரை ஒட்டித்தான். 25 டிகிரியில் ஆர்-134ஏயின் அழுத்தம் 6.65 பார், 30 டிகிரியில் 7.70. ஆக 0.1 பார் பிழை என்பது கொதிநிலையில் அரை டிகிரி. சுவருக்கும் கொதிநிலைக்கும் உள்ள வித்தியாசமே 4 டிகிரிதான் என்றால், 12 சதவீதப் பிழை அங்கேயே நுழைந்துவிட்டது. கொதிப்பில் வெப்பப் பரிமாற்றக் கெழு பொய்யாக உயரும், குளிர்விப்பில் பொய்யாகக் குறையும். காற்றழுத்தத்தைத் தனியே அளந்து கூட்டுங்கள்.

ஓட்டும் வரிசை இப்படி:

1. மின்கேபிளை மட்டும் 8 கிலோவோல்ட் வரை ஏற்றி, கசிவு மின்னோட்டத்தைக் குறிக்கவும். பிறகு இதைக் கழிக்க வேண்டும்.
2. 500 மைக்ரானுக்கு (வெற்றிடமானி காட்டும் அழுத்த அளவு) கீழே வெற்றிடம் இழுத்து, கேஸ் நிரப்பவும்.
3. திரவம் மட்டும் ஓட, தண்ணீர் விட்ட வெப்பமும் திரவம் வாங்கிய வெப்பமும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா பார்க்கவும். ஒத்துப்போகாமல் மேலே போவதில் பயனில்லை.
4. மின்னழுத்தமில்லாமல் அடிப்படை அளவீடு.
5. 1 கிலோவோல்ட் படிகளாக ஏற்றி, படிக்கு 15–20 நிமிடம் நிலைபெற விட்டு அளக்கவும். இறக்கும்போதும் அளக்கவும். கொதிப்பில் ஏற்றமும் இறக்கமும் ஒரே பாதையில் போகாது.

ஏப்ரல், மே வெயிலில் 25 டிகிரியில் ஓட்டச் சில்லர் வேண்டும். இல்லையென்றால் 40 டிகிரி, 10.2 பாரில் ஓட்டலாம்.

மின்னோட்டம் 20 மைக்ரோஆம்பியர் என்றால் செலவு 0.16 வாட், 173 வாட்டுக்கு முன் ஒன்றுமில்லை. அது நூறுகளில் ஏறினால் ஈரமோ எண்ணெயோ கலந்திருக்கிறது: டிரையரை மாற்றி, மறுபடி வெற்றிடம் இழுக்கவும். பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. டைஎலக்ட்ரிக் விசைக்குத் துருவம் தெரியாது. முடிவு மாறினால் கம்பியிலிருந்து மின்னூட்டம் திரவத்துக்குள் இறங்குகிறது என்று பொருள், கம்பியின் கூர்முனைகளை உருட்டி மெருகேற்றவும். பலன் தெரியாவிட்டால் ஓட்டத்தைக் குறையுங்கள். வேகமான ஓட்டத்தில் மின்விசையை ஓட்டத்தின் உந்தமே அமுக்கிவிடும். மின்னழுத்தம் ஏற்றினால் குழாயில் அழுத்த இழப்பும் கூடவே ஏறும். அதை மறைத்து வெப்பக் கணக்கை மட்டும் காட்டும் அறிக்கை அரைகுறைதான்.

நிறுத்தும்போது சப்ளையைப் பூஜ்யத்துக்கு இறக்கி, எர்த் கோலை ஸ்பார்க் பிளக்கில் தொட்டு வைத்தபின்பே கவரைத் திறக்கவும். கேஸைக் காற்றில் விடாமல் ரெக்கவரி சிலிண்டரில் இழுத்துக்கொள்ளவும்.