அனுராதபுரம் பாக்கப் போறீங்களோ? ரூட்ட வெயிலிட்ட குடுங்கோ

ஒரு நாளில அனுராதபுரம் பாத்து முடிக்கலாமோ எண்டு கேட்டா, முக்கியமானதுகள பாக்கலாம், ஆனா எங்க முதல் எங்க பிறகு எண்டு வெயில்தான் சொல்லும். புனித இடங்களுக்குள்ள செருப்பும் தொப்பியும் கழட்டோணும், மத்தியானம் அந்தக் கல்லுத் தரையில கால் வைக்கேலாது. நான் முதல் தரம் 12 மணிக்குப் போய் ருவன்வெலிசாய எண்ட பெரிய தாதுகோபத்த ஓடி ஓடித்தான் சுத்தினனான். பையில ஒரு சோடி தடிச்ச சொக்ஸ் வையுங்கோ. தோளும் முழங்காலும் மூடின உடுப்பு, வெள்ளை எண்டா இன்னும் நல்லம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதேங்கோ, பிரச்சினையாப் போகும்.

விடிய 6 மணிக்கே ஸ்ரீ மகா போதி. அசோகச் சக்கரவர்த்தியின்ர மகள் சங்கமித்தை கொண்டந்த வெள்ளரசு, கி.மு. 288 இல நட்டது எண்டு கணக்கு. பெரிய மரத்தத் தேடாதேங்கோ, மேல் மேடையில தங்க நிற முட்டுக் குடுத்து நிக்கிற மெல்லிய கிளையள்தான் அது, சுத்தி நிக்கிற பெரிய மரங்கள் வேற.

அங்கயிருந்து நடந்தே ருவன்வெலிசாய, கட்டினது துட்டகைமுனு ராசா. அவர் வெண்ட தமிழ் அரசன் எல்லாளன் 44 வருஷம் நீதியா ஆண்டவர் எண்டு மகாவம்சமே சொல்லுது, அத நினைச்சுக்கொண்டு சுத்தினா எங்களுக்கு அது வேற மாதிரி இருக்கும்.

பிறகு சைக்கிள் ஒண்டு வாடகைக்கு எடுங்கோ. ஜேதவனாராமய தாதுகோபம் போற வழியில வரும், மகாசேனன் ராசா தொடக்கினது, முழுக்கச் செங்கல், ஒரு காலத்தில 122 மீட்டர், கீசாவில ரெண்டு பிரமிட் மட்டும்தான் அதவிட உயரம்.

உச்சி வெயிலுக்கு அபயகிரி எண்ட பழைய விகாரைப் பக்கம், மரநிழல் கிடக்கு. படி வாசலில கிடக்கிற அரைவட்டச் சிற்பக் கல்லு, சந்திரவட்டக்கல்லில குனிஞ்சு பாருங்கோ: வெளியில நெருப்பு, பிறகு யானை, குதிரை, சிங்கம், எருது, உள்ளுக்க சொண்டில பூ வைச்ச அன்னம். எருது முக்கியம், பொலன்னறுவைக் கல்லுகளில அத விட்டிட்டினம். குட்டம் பொக்குண எண்ட இரட்டைக் குளத்தில சின்னக் குளத்துப் பக்கம் போங்கோ, தண்ணி நேரா விழாம முதல்ல கல்லுத் தொட்டியளில மண்டி படிஞ்சுதான் உள்ள வந்திருக்கு. எல்லாரும் படியில இருந்து போட்டோ எடுத்திட்டுப் போயிடுவினம், இத ஒருத்தரும் பாக்கிறேல்ல.

பின்னேரம் இசுறுமுனிய பாறைக் கோயில், பக்கத்தில திசா வாவிக் கட்டில காத்து வாங்கலாம். மிகிந்தலை மலைய மட்டும் அதே நாளில செருகாதேங்கோ, 1840 படி, அடுத்த நாள் விடியவே வெளிக்கிடுங்கோ.