வீட்டில் வாஃபிள்: ஆவி போனால்தான் மொறுமொறுப்பு

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சுடச்சுட வாங்கிய வாஃபிள், வீடு வந்து சேர்வதற்குள் துவண்டுவிடும். காகிதப் பையில் போட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, மோட்டார் சைக்கிள் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தால் பத்தே நிமிடம்தான், ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். விற்றவர் மேல் குற்றமில்லை, மாவிலும் குறையில்லை. உள்ளிருந்து கிளம்பிய நீராவிக்கு வெளியே போக வழியில்லை. திரும்பவும் வாஃபிளுக்குள்ளேயே இறங்கிவிட்டது. மலேசியாவில் தாப்பா, பகாவ் பக்கம் மாதிரி நாலு மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும் ஊர்களில் காற்றே பாதி தண்ணீர். அதனால் வாஃபிள் சுடும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஆவி எப்படி வெளியேறும்?

மிஷினில் முதலில் பார்க்க வேண்டியது குழியின் ஆழம். பெல்ஜியம் வாஃபிள் என்று விற்கிற தடித்த அச்சில் குழி ஆழமாக இருக்கும், வாஃபிள் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு போலவும் வரும். குழி ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அச்சில் வருவதுதான் நம் பசார் மாலாம் வாஃபிள், மடித்துத் தரும் வகை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மெல்லிய அச்சையே வாங்கலாம். சீக்கிரம் வேகும், ஆவி சுலபமாகப் போகும், தவறினாலும் வீணாவது கொஞ்ச மாவுதான்.

சிறிய வட்ட மிஷின்கள் 700 முதல் 1,000 வாட் வரை இருக்கும். 1,000 பக்கம் உள்ளதே நல்லது. குளிர்ந்த மாவை ஊற்றியதும் தட்டின் சூடு இறங்கும், அதை வேகமாக ஏற்றிக்கொள்ளத் தெம்பு வேண்டும். பழைய தோட்டக் குடியிருப்பு வீடுகளில் சமையலறைக்கு ஒரே பிளக்தான் இருக்கும், அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் தொங்கும். 13 ஆம்பியர் பிளக், 240 வோல்ட் என்றால் தாங்குவது 3,120 வாட். மின்சாரக் கெட்டில் 2,200, வாஃபிள் மிஷின் 1,000, இரண்டையும் அந்த ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் கணக்கு அப்போதே தாண்டிவிட்டது. தேநீரை முன்னாலேயே போட்டு வைத்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் ஆசையாகக் கொண்டுவந்த 120 வோல்ட் மிஷினை நம் பிளக்கில் செருகவே செருகாதீர்கள். வோல்ட் இரட்டிப்பானால் சூடு நாலு மடங்கு, கருகி அடங்கிவிடும்.

மின்சாரமே வேண்டாம் என்றால் கேஸ் அடுப்பில் வைத்துத் திருப்புகிற இரட்டைத் தட்டு அச்சு இருக்கிறது. குவே காப்பிட் என்ற மெல்லிய மடிப்பு பிஸ்கட்டைச் சுடும் இரும்பைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரைச் சேர்ந்த கொர்னேலியஸ் ஸ்வார்ட்ஹவுட் என்பவர் 1869 ஆகஸ்ட் 24-இல் அடுப்பு வாஃபிள் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் தேதியைத்தான் அமெரிக்கர்கள் வாஃபிள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். வார்ப்பிரும்பு அச்சாக இருந்தால் புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலப் பழக்க வேண்டும்: கழுவி, தீயில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவி, புகை வரும் வரை சூடாக்கி, ஆறவிட வேண்டும். இப்படி மூன்று தடவை. எண்ணெய் தாராளமாகப் பூசினால் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும்; துடைத்தெடுத்தபின் எஞ்சுகிற அளவே போதும்.

இனி மாவு. 18 சென்டிமீட்டர் வட்ட அச்சில் ஆறு வாஃபிளுக்கு அளவு இது:

கோதுமை மாவு 200 கிராம் (ஆட்டா அல்ல, ரொட்டி சானாய்க்குப் போடும் வெள்ளை மாவு, அதாவது மைதா)
நைஸ் அரிசி மாவு 40 கிராம்
பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, தலை தட்டி
உப்பு அரைத் தேக்கரண்டி
சீனி 40 கிராம், ஏறக்குறைய 3 மேசைக்கரண்டி
முட்டை 2, கிரேடு பி
பெட்டிச் சந்தான் (தேங்காய்ப் பால்) 200 மில்லி
பண்டான் (ரம்பை இலை) சாறு 150 மில்லி
உருக்கி ஆறிய வெண்ணெய் 50 கிராம்

அரிசி மாவு எதற்கு என்றால், அச்சு முறுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவு மட்டும் போட்டால் அதிலுள்ள பசைத்தன்மை ஆறியதும் தோல் போல இழுபடும். அரிசி மாவில் அந்தப் பசை கிடையாது, அதனால் மேல்தோல் நொறுங்கும். புட்டு மாவைப் போட்டுவிடாதீர்கள். அந்தக் குருணை நாலு நிமிடத்தில் வேகாது, பல்லில் நறநறக்கும். அரிசி மாவு இல்லாவிட்டால் சோள மாவு (கார்ன்ஃப்ளவர்) அதே அளவு.

சீனியைக் கூட்ட வேண்டாம். 60 கிராமைத் தாண்டினால் ஆவி போவதற்கு முன்பே மேல்தோல் கருகும், அச்சிலும் ஒட்டும். இனிப்பு வேண்டுமானால் மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

சந்தானிலேயே நிறையக் கொழுப்பு இருப்பதால்தான் வெண்ணெய் 50 கிராமோடு நிற்கிறது. சந்தானுக்குப் பதில் பசும்பால் ஊற்றினால் வெண்ணெயை 80 கிராமாக ஏற்றுங்கள். மொத்தத் திரவத்தையும் சந்தானாகவே ஊற்றுவது வாசனைக்கு நல்லது, வாஃபிளுக்கு ஆகாது. எண்ணெய் கக்கிக்கொண்டு கனமாக வரும். கடையில் துருவிப் பிழிந்து வாங்கும் சந்தான் ருசிதான், ஆனால் நம் வெக்கையில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். காலையில் வாங்கினால் நேராக ஐஸ் பெட்டிக்கு.

பண்டான் சாற்றுக்கு எட்டு இலைகளை விரல் அகலத்துக்கு நறுக்கி, 160 மில்லி தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழியுங்கள். முதல் நாள் இரவே செய்து ஐஸ் பெட்டியில் வைத்தால் கரும்பச்சை அடியில் தங்கும். மேல் தண்ணீரில் பாதியை இறுத்துக் கொட்டி, குறைந்த அளவுக்குப் பால் சேர்த்துக்கொள்ளுங்கள். மணம் நன்றாக ஏறும். இந்தச் சாற்றில் சுட்ட வாஃபிள் வெளியே பொன்னிறமாகத்தான் இருக்கும், பச்சை பிட்டால்தான் தெரியும். வெளியேயும் பச்சையாக இருந்தால் அது சாயம், அல்லது வேகவில்லை.

பேக்கிங் பவுடரைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். மளிகைக் கடையில் தேதி இல்லாமல் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பது எத்தனை மாதமாக ஈரக் காற்றைக் குடித்ததோ. அரைத் தேக்கரண்டியைக் கொதிநீரில் போட்டால் சோடா திறந்தது போலப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி வந்தால் தூக்கிப் போடுங்கள்.

கலப்பதற்கு இரண்டு பாத்திரம். ஒன்றில் மாவு வகைகள், பேக்கிங் பவுடர், உப்பு, சீனி எல்லாவற்றையும் சலித்துச் சேருங்கள். இன்னொன்றில் முட்டையை அடித்து, சந்தானும் சாறும் விட்டு, கடைசியில் வெண்ணெய். சந்தான் ஐஸ் பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தால் வெண்ணெய் உறைந்து மணிமணியாக நிற்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். பிறகு திரவத்தை மாவில் கொட்டி, கரண்டியால் பதினைந்து இருபது சுற்று, அவ்வளவுதான். சின்னச் சின்னக் கட்டிகள் தெரியும், தெரியட்டும். தோசை மாவை வழுவழுவென்று கரைத்துப் பழகிய கைக்கு இது பொறுக்காது. ஆனால் அடிக்க அடிக்கக் கோதுமைப் பசை முறுகி, வாஃபிள் ரப்பராகும். பதம் இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில்: கரண்டியிலிருந்து தடித்த நாடாவாக விழுந்து, மெல்லப் பரவ வேண்டும்.

15 நிமிடம் மூடி வையுங்கள். கட்டிகள் தாமாகவே ஊறிக் கரையும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பேக்கிங் பவுடரின் காற்று போய்விடும். தடித்த அச்சு வைத்திருப்பவர்கள் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் மடித்துச் சேர்க்கலாம். மெல்லிய அச்சுக்கு அந்த வேலை வீண்.

மாவு ஊறும் நேரம்தான் மிஷின் சூடாகும் நேரம். விளக்கு அணைந்ததும் ஊற்றிவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு. விளக்கு ஒருமுறை அணைந்து, மறுபடி எரிந்து, இரண்டாவது முறை அணையட்டும். அப்போதுதான் தட்டு முழுக்க ஒரே சூடு. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உருண்டோடி மறைய வேண்டும்; அப்படியே உட்கார்ந்து கொதித்தால் இன்னும் நேரமிருக்கிறது.

சமையல் எண்ணெயைத் தூரிகையால் குழிகளின் மூலை வரை தொட்டுவிடுங்கள், மேல்தட்டிலும்தான். ஸ்ப்ரே டின் வேண்டாம். அதிலுள்ள லெசித்தின் சூட்டில் கோந்தாகி, நாலைந்து தடவையில் நான்ஸ்டிக்கையே ஒட்டவைக்கும் தட்டாக்கிவிடும். வெண்ணெயும் தடவ ஆகாது, அதிலுள்ள பால்பகுதி கருகும்.

நடுவில் அரைக் கப் மாவை ஊற்றி, கரண்டி முதுகால் ஓரத்துக்கு ஒரு விரல் இடம் விட்டுப் பரப்பி மூடுங்கள். அடுப்பு அச்சானால் மிதமான தீ; மூடிய அரை நிமிடத்தில் ஒருமுறை திருப்புங்கள், அப்போதுதான் மேல்தட்டின் குழிகளும் நிறையும். பிறகு பக்கத்துக்கு இரண்டரை நிமிடம்.

இனி கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்தில் ஓரங்களிலிருந்து ஆவி புஸ்ஸென்று சீறும். இரண்டாவது நிமிடத்தில் வெள்ளையாக, தடிமனாக வரும். மூன்றுக்கு மேல் நூலாக மெலியும். நாலு, நாலரை நிமிடத்தில் கையை அருகில் கொண்டுபோனால் வெறும் சூடுதான் படும், ஈரம் படாது. அதுதான் திறக்கும் நேரம். மிஷினின் விளக்கையோ மணியையோ நம்ப வேண்டாம், ஆவியை நம்புங்கள். மூன்று நிமிடத்துக்கு முன் திறந்தால் மேல்பாதி மேல்தட்டோடும் கீழ்பாதி கீழ்த்தட்டோடும் போய், வாஃபிள் இரண்டாகக் கிழியும். மூடியைத் தூக்கும்போது இழுத்துப் பிடிக்கிறதா? விட்டுவிடுங்கள், இன்னும் அரை நிமிடம். வெந்த வாஃபிள் தானாக விடும்.

எடுத்ததைத் தட்டில் வைக்காதீர்கள். அடியில் வேர்த்து அந்தப் பக்கம் நமுத்துவிடும். ஓவனின் கம்பித் தட்டோ கவிழ்த்த சல்லடையோ போதும், அடியில் காற்றோட வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கவும் கூடாது. மடித்துச் சாப்பிடும் ஆசையிருந்தால், எடுத்த அரை நிமிடத்துக்குள் மார்ஜரினும் காயாவும் (தேங்காய்ப் பால், முட்டை ஜாம்) நிலக்கடலை வெண்ணெயும் தடவி மடித்துவிட வேண்டும். ஆறினால் ஒடியும்.

முதல் வாஃபிள் ஒட்டி, இரண்டாவது சரியாக வந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம். எல்லாமே ஒட்டினால் சீனி அதிகம் அல்லது பழைய ஸ்ப்ரே கோந்து. ஈரத்துணியை வெதுவெதுப்பான தட்டில் போட்டு மூடி ஊறவிட்டு, ஈர்க்குச்சியால் மூலைகளைச் சுரண்டுங்கள். கத்தி படக்கூடாது, மிஷினைக் குழாயடியில் காட்டவும் கூடாது. மேலே வெளுத்தும் உள்ளே வெந்தும் இருந்தால் சீனியோ கொழுப்போ குறைவு. மேல்பக்கக் குழிகள் மொட்டையாக இருந்தால் மாவு போதவில்லை. சோப்புக் கசப்பு வந்தால் பேக்கிங் பவுடரைக் குவித்து அளந்திருக்கிறீர்கள்.

புரட்டாசி மாதத்தில் முட்டை சேர்க்காதவர்கள், இரண்டு முட்டைக்குப் பதில் 80 மில்லி புளித்த தயிர், கால் தேக்கரண்டி சோடா மாவு, கூடுதலாக 2 மேசைக்கரண்டி எண்ணெய் சேர்க்கலாம். தயிர்ப் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்கும், ஆகவே கலந்த பத்து நிமிடத்தில் சுடத் தொடங்க வேண்டும். அரை நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள்.

பாகுக்கு 150 கிராம் குலா மலாக்காவை (பனை வெல்லத்தை) சீவி, 80 மில்லி தண்ணீர், முடிச்சிட்ட பண்டான் இலை ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து ஐந்தாறு நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அடுப்பில் நீர்த்திருப்பது போலத்தான் தெரியும், ஆறினால் இறுகும். தேன் பதத்துக்கு அடுப்பிலேயே காய்ச்சினால் மறுநாள் கரண்டி நிற்கும்.

மிஞ்சியதை முழுக்க ஆறவிட்டு, இடையில் எண்ணெய்த்தாள் வைத்து உறையறையில் போட்டால் ஒரு மாதம் தாங்கும். சூடாக்க டோஸ்டரோ அதே மிஷினோதான். மைக்ரோவேவ் உள்ளிருக்கும் ஈரத்தைக் கிளப்பிவிட்டு வாஃபிளை மறுபடி துணியாக்கும்.

மிஷின் மேசை மேல் இருக்கும்போதே இன்னொன்றையும் செய்து பாருங்கள். புளித்த இட்லி மாவு ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. தட்டில் எண்ணெயை வழக்கத்தைவிடக் கூட்டித் தடவி, ஆறேழு நிமிடம். அரிசியும் உளுந்துமாக இருப்பதால் கோதுமை வாஃபிளைவிட நேரம் பிடிக்கும், ஆனால் மொறுமொறுப்பும் அதைவிட நேரம் நிற்கும். சட்னியையோ இகான் பிலிஸ் (நெத்திலி) சம்பாலையோ குழிகளில் நிரப்பாமல் பக்கத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிடுங்கள்.