ஏழு சீட்டு வண்டில வர்ற சில்லறைக் குறையெல்லாம் நாமளே பாத்துக்குறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு எங்கிட்டுப் போனாலும் இப்ப முகப்பு வாசல்ல ஒரு ஏழு சீட்டு வண்டி நிக்குது. எர்டிகா, டிரைபர், கேரன்ஸ், இல்லன்னா அந்த வகையில ஏதோ ஒண்ணு. வீட்டுல இருக்கது ரெண்டு பேருதான், ஆனா படைப்பு (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறது), கல்யாணம், சாந்தி (அறுபது, எம்பது வயசு விசேஷம்)ன்னு வந்துட்டா சென்னை, பெங்களூருன்னு மொத்தப் பங்காளியும் வந்து எறங்குவாங்க, திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேற ஒரு நடை போகணும், அதுக்காகத்தான் வாங்குறது. அப்ப என்னாகுதுன்னா, வருசத்துல முக்காவாசி நாளு வண்டி காலியா ஓடுது, மிச்ச நாளு மூச்சு முட்ட ஆளோட ஓடுது. இந்த வண்டிகள்ல ஆளாளுக்குப் பொலம்புற சின்னக் குறையில பெரும்பாலானதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்லுவேன், கம்பெனியத் திட்டிப் பிரயோசனமில்ல.

அதனால சத்தம் வருது, ஏசி சரியில்லன்னு பொத்தாம் பொதுவாச் சொல்லிக்கிட்டு சர்வீசுக்கு ஓடாதீங்க. மொதல்ல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இந்தக் குறை காலி வண்டில வருதா, ஆளு ஏறுனதும் வருதா? ஒரே ரோட்டுல ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிரும். மாத்தூர், இலுப்பைக்குடி, வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டின்னு நகரத்தாரோட ஒன்பது கோயிலும் ஒரே நாள்ல சுத்துறவங்க இருக்காங்கல்ல, அதவிட நல்ல டெஸ்ட் ரூட்டு கெடையாது. நல்ல ரோடு, ஒட்டுப்போட்ட ஊர் ரோடு, ஸ்பீட் பிரேக்கர், செம்மண் பாதைன்னு எல்லாம் வந்துரும், போற எடத்துல எல்லாரும் எறங்கி ஏறுறதால கதவு, சீட்டு எல்லாமும் சோதனையாயிரும்.

காலி வண்டிச் சத்தம்

பின்னாடியிருந்து கடகடன்னு வருதுன்னா ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் மூணாவது வரிசையில போயி ஒக்காருங்க. ஒக்காந்ததும் சத்தம் நின்னுச்சுன்னா வேலை முடிஞ்சுது, அந்த சீட்டோட கொக்கிதான் ஆடுது. சீட்ட ஒருவாட்டி முழுசா மடக்கித் திரும்ப நல்லா அழுத்தி மாட்டுங்க, கொக்கி மாட்டுற கம்பியில மெல்லிசா துணி டேப்பு ஒரு சுத்து சுத்துனா இன்னும் நல்லது, ஆனா சுத்துனப்பறம் கொக்கி முழுசா பூட்டுதான்னு இழுத்துப் பாத்துக்கங்க, அதுல மட்டும் அசால்ட்டா இருக்கக்கூடாது. ஒக்காந்தும் நிக்கலையா, அப்ப சீட் பெல்ட்டோட பக்கிள் பக்கத்து பிளாஸ்டிக்ல தட்டுதா பாருங்க, ஆளில்லாட்டியும் பெல்ட்ட மாட்டி விட்டுட்டா நின்னுரும். சீட்ட மடக்கி வச்சிருந்தா ஹெட்ரெஸ்ட்ட உருவி வீட்டுல போட்டுருங்க.

அதுக்கும் அடங்கலன்னா ஜாக்கி, வீல் ஸ்பேனர் வச்சிருக்க பை. கம்பெனியில மடிச்சுக் குடுத்த மாதிரி ஒருவாட்டி வெளிய எடுத்தப்பறம் யாரும் வைக்கிறதில்ல. பழைய துண்டுல சுத்தி இறுக்கி வைங்க. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில தொங்குற மாடலா இருந்தா அதோட போல்ட்டு முழுசா இறுகியிருக்கான்னும் பாக்கணும், அப்படியே அதுக்குக் காத்தும் அடிச்சுருங்க, நெறையப் பேரு ஸ்டெப்னிக்குக் காத்தடிக்கிறதே பஞ்சராகி நடுரோட்டுல நிக்கிற அன்னைக்குத்தான். டிக்கி கதவு மூடுனப்பறம் கையால குத்திப் பாருங்க, டொக்கு டொக்குன்னு ஆடுனா கதவோட ரெண்டு ஓரத்துலயும் ரப்பர் குமிழு ஒண்ணு இருக்கும், அத அரைச் சுத்து வெளிய திருகுனா கதவு கிச்சுன்னு ஒக்காந்துக்கும். நம்பர் பிளேட்டும் ஒரு திருடன், 2019 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த வண்டிக்கெல்லாம் உயர் பாதுகாப்புப் பிளேட்டு, அதக் கழட்ட முடியாது, பின்னால இடுக்குல ஃபோம் டேப்பச் சொருகி விடுங்க, போதும்.

இதுல முக்கியமானது, பலகார டின்னு, எவர்சில்வர் தூக்கு இதையெல்லாம் எறக்கி வச்சுட்டு அப்பறம் சத்தத்தத் தேடுங்க. மணகோலமும் சீப்புச் சீடையும் இருந்த டின்ன டிக்கியில விட்டுட்டு சஸ்பென்ஷன் போச்சுன்னு சொல்றவங்கள நான் பாத்திருக்கேன்.

கீச்சுக் கீச்சுன்னு வந்தா அது வேற. நம்ம ஊரு செம்மண் புழுதி கதவு ரப்பர் பீடிங்லயும் கண்ணாடி எறங்குற ரப்பர் சந்துலயும் போயி அப்பிக்கும். ஈரத்துணியால பீடிங்க முழுசாத் தொடைங்க, காய விடுங்க, அப்பறம் சிலிக்கான் ஸ்பிரேய துணியில அடிச்சு அந்தத் துணியால தடவுங்க. கண்ணாடிச் சந்துக்கும் அதே வைத்தியம்தான். என்ஜின் ஆயில், கிரீஸ் எல்லாம் ரப்பர்ல தடவவே தடவாதீங்க, ரப்பர் ஊதிப் போயிரும், புழுதி இன்னும் ஒட்டும். ரெண்டாவது வரிசை சீட்டு நகர்ற தண்டவாளத்துக்கும் இதேதான், அதுல கடலைத் தோலு, சில்லறைக் காசு, பிள்ளைங்க போட்ட மிட்டாய்க் காகிதம் எல்லாம் கெடக்கும், வேக்குவம் போட்டு எடுத்துட்டு அடிச்சதும் காஞ்சு போற வகை சிலிக்கான் ஸ்பிரே லேசா அடிங்க.

நாமளா தொடக்கூடாத சத்தமும் இருக்கு. முன்பக்கம் சின்னச் சின்ன மேடு பள்ளத்துல கடக் கடக்குன்னு வந்தா பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கு, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு நகத்துறப்ப டக் டக்குன்னு வந்தா ஆக்சில் ஜாயிண்ட்டு, பிரேக்கு போட்டா இரும்போட இரும்பு தேயிற மாதிரி கரகரன்னு வந்தா பேடு முடிஞ்சுது. இதுக்கெல்லாம் டேப்பு ஒட்டிக்கிட்டு இருக்காம மெக்கானிக்குகிட்ட போயிருங்க.

ஆளு ஏறுனா வர்ற குறை

"ஏப்பா, முன்னாடி மட்டுந்தான் காத்து வருமா?"ன்னு பின்னாடியிருந்து ஆச்சி கேட்டுட்டா அன்னைக்குப் பயணமே போச்சு. இத எப்படி சரி பண்றதுன்னு தெரியணும்னா பின்பக்க ஏசி எப்படி வேலை செய்யிதுன்னு தெரியணும். சில வண்டியில பின்னாடிக்குன்னு தனி கூலிங் காயிலு உண்டு. சில வண்டியில கூரையில இருக்கது வெறும் ஃபேன் மட்டும்தான், முன்னாடி வர்ற குளுந்த காத்த இழுத்துப் பின்னாடி தள்ளும், அதா ஒண்ணும் குளுராக்காது. உங்களுது ரெண்டாவது வகைன்னா வண்டி எடுத்த ஒடனே மேல ஃபேனப் போட்டுப் பிரயோசனமில்ல, அது சூட்டுக் காத்தத்தான் பின்னாடி இருக்கவங்க மூஞ்சில அடிக்கும், ஆச்சிக்கு இன்னும் கோவம் வரும். செய்ய வேண்டியது என்னன்னா, கதவு நாலையும் செத்த நேரம் தொறந்து விட்டு சூட்ட வெளியேத்துங்க, ஏசியப் போட்டு மொத ரெண்டு நிமிசம் கண்ணாடிய எறக்கியே ஓட்டுங்க, அப்பறம் ஏத்திட்டு உள்காத்து சுத்துற பட்டன அமுக்குங்க. முன்பக்க நடு வென்ட்டு ரெண்டையும் டிரைவர் மூஞ்சிக்கு வைக்காம மேல பாத்து நடுவுல திருப்புங்க, கூரை ஃபேனு அந்தக் காத்ததான் இழுக்கணும். முன்னாடி குளுந்ததும் பின் ஃபேனப் போடுங்க. டிரைவருக்கு கொஞ்சம் வேர்க்கும், ஏழு பேருல ஒருத்தர் வேர்த்தா பரவாயில்ல.

அப்பறம் கேபின் ஃபில்டர், அதாவது உள்ள வர்ற ஏசி காத்த வடிகட்டுற அட்டை. குளோவ் பாக்சக் கழட்டுனா பெரும்பாலான வண்டியில அதுக்குப் பின்னாடிதான் இருக்கும், ரெண்டு நிமிச வேலை. மேனுவல்ல போட்டிருக்க கிலோமீட்டர் கணக்கு நம்ம புழுதிக்கு ஒத்து வராது, ஒவ்வொரு சர்வீசுக்கும் எடுத்துப் பாருங்க, தட்டுனா செவப்பாக் கொட்டும். சில பேஸ் மாடல்ல ஃபில்டர் வைக்க எடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது, வாங்கிச் சொருகிக்கலாம். ஏசி போட்டதும் பூஞ்சை வாடை அடிச்சா எறங்குறதுக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி ஏசிய நிறுத்திட்டு ஃபேன மட்டும் ஓட விடுங்க, காயில் காஞ்சுரும், வாடை மெல்லக் கொறையும். கருவாடு ஏத்திட்டு வந்த வாடைக்கு இது பத்தாது, அதுக்கு வெயில்ல கதவத் தொறந்து போடுறதுதான் வழி.

வெயிலுக்கு கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. 2012லயே சுப்ரீம் கோர்ட்டு கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொல்லிருச்சு, அத விட்டுருங்க. நிறுத்தி வைக்கிறப்ப முன் கண்ணாடிக்கு மடக்குற ஷேடு வைங்க, முடிஞ்சா வண்டிய மேற்கு வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்க.

அடுத்தது அடி தட்டுறது. ரெண்டு பேரு போறப்ப சர்ருன்னு ஏறுன ஸ்பீட் பிரேக்கர்ல ஏழு பேரும் டிக்கி நெறைய சாமானும் இருந்தா அடியில உரசும். ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் வைக்கச் சொல்லுவாங்க, நான் வேணாம்னுதான் சொல்லுவேன், வருசம் பூரா காலியா ஓடுறப்ப வண்டி கட்டையாத் தூக்கிப் போடும், வாரண்டியிலயும் பேச்சு வரும். மொதல்ல டயர் காத்தப் பாருங்க. டிரைவர் கதவத் தொறந்தா தூணுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஆளு கம்மியா இருந்தா எவ்வளவு, முழு லோடுன்னா எவ்வளவுன்னு தனித்தனியாப் போட்டிருப்பாங்க, பின் டயருக்கு லோடுல கூட இருக்கும். காத்தடிக்கிற பையன் எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கா அடிப்பான், நீங்கதான் சொல்லி அடிக்கணும், அதுவும் டயர் சூடாகுறதுக்கு முன்னாடி. ஏத்துறப்பவும் கனமானத பின் டயருக்கு முன்னால, கீழ வைங்க, டிக்கி ஓரத்துல அரிசி மூட்டைய வச்சா பின்பக்கம் அமுங்கத்தான் செய்யும். உயரமான பிரேக்கர்ல கொஞ்சம் சாய்வா, ஒவ்வொரு சக்கரமா ஏத்தி எறக்குங்க.

பின்பக்கம் அமுங்குனா முன்பக்கம் தூக்கும், லைட்டு எதுத்தாப்புல வர்றவன் கண்ணுல அடிக்கும், அவன் டிம் டிப் போட்டுத் திட்டிக்கிட்டே போவான், உங்களுக்கும் கிட்டக்க இருக்க ரோடு தெரியாது. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கீழ 0, 1, 2, 3ன்னு ஒரு சின்ன சக்கரம் இருக்குல்ல, அது இதுக்குத்தான். காலியா இருந்தா 0, ஆளும் சாமானும் ஏற ஏற நம்பரக் கூட்டுங்க, லைட்டு கீழ எறங்கும். திருமயம் தாண்டி ராத்திரி ஏர்போர்ட்டுக்கு ஓட்டுறவங்க இத ஒருவாட்டி செஞ்சு பாத்தா வித்தியாசம் தெரியும்.

டிக்கி எடத்தப் பத்தி பொலம்புறதுக்கு வைத்தியம் கெடையாது, கணக்குதான் உண்டு. டிரைபர் 4 மீட்டருக்குள்ள அடங்குன வண்டி, மூணாவது வரிசை போட்டா டிக்கி 84 லிட்டர், அந்த சீட்டக் கழட்டி வச்சுட்டா 625. எர்டிகாவுல மூணு வரிசையும் போட்டா 209 லிட்டர். அதாவது ஏழு பேரும் ஏழு பேரு பெட்டியும் ஒண்ணாப் போகாது, ஏர்போர்ட்டு நடைன்னா அஞ்சு பேருன்னு வச்சுக்கங்க. மூணாவது வரிசைக்கு வயசானவங்கள அனுப்பாதீங்க, தரை ஒசரமா இருக்கும், மொழங்கால் நெஞ்சுக்கு வந்துரும், அது பிள்ளைங்க எடம். பெரியவங்க ஏற ஒரு குட்டி முக்காலி வண்டியிலயே கெடக்கட்டும்.

குறையே இல்லாத குறை

பின் கதவு உள்ளயிருந்து தொறக்கலன்னு வண்டிய சர்வீசுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி கதவு ஓரத்துல இருக்க சைல்டு லாக்கப் பாருங்க, வண்டி கழுவுறப்ப துணி பட்டு அது நகந்திருக்கும். காலையில மொத ரெண்டு மூணு பிரேக்குக்கு மட்டும் கீச்சுன்னா அது ராத்திரி ஈரத்துல டிஸ்க்குல படிஞ்ச துரு, தானாப் போயிரும். ஏசி ஓடுனா அடியில தண்ணி சொட்டத்தான் செய்யும். 80 தாண்டுனா பீப்பு, 120 தாண்டுனா நிக்காம பீப்புன்னு வர்றது 2019 ஜூலை 1லருந்து எல்லா புது காருக்கும் உள்ள சட்டம், அத அமத்தச் சொல்லி யாருகிட்டயும் போயி நிக்காதீங்க. பக்கத்து சீட்டுல பூசைச் சாமான் கூடைய வச்சா பெல்ட்டு போடச் சொல்லிக் கத்தும், கூடையக் கீழ வைங்க. சாவி பட்டன் வேலை செய்யலன்னா உள்ள காசு பேட்டரி, பெரும்பாலும் சிஆர் 2032, பழைய பேட்டரியக் கழட்டி அதுல போட்டிருக்க நம்பரச் சொல்லி எந்தக் கடையிலயும் வாங்கலாம்.

மைலேஜ் கம்மிங்கிறவங்க மீட்டர்ல காட்டுறத நம்பாம டேங்க் ரொப்பி ஓட்டித் திரும்ப ரொப்பிக் கணக்குப் பாருங்க. இப்ப பங்க்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அதுக்கு பெட்ரோல விட சக்தி கம்மி, அதனால கொஞ்சம் கொறையத்தான் செய்யும்.

எலி மட்டும் உண்மையான தலைவலி. பெரிய வீட்டுப் பின்கட்டு, கொட்டகை, ஆளில்லாத பக்கத்து வீடுன்னு அதுக்கு எடத்துக்குக் கொறையில்ல, மாசக்கணக்கா எடுக்காத வண்டின்னா என்ஜின் ஒயரத்தான் கடிக்கும். வண்டிக்குள்ள பலகாரத் துணுக்கு விடாதீங்க, வாரத்துக்கு ரெண்டு நாளாவது எடுத்து ஓட்டுங்க, ராத்திரி பானெட்டத் தொறந்து வைங்க, இருட்டும் கதகதப்பும் இல்லாட்டி எலி அவ்வளவா தங்காது. புகையிலைக் கட்டு வைக்கிறதும் உண்டு, வாடை இருக்க வரைக்கும் கேக்கும், காஞ்சதும் மாத்தணும்.

இவ்வளவும் பாத்துட்டு சர்வீசுக்குப் போனா ஜாப் கார்டுல (குறையெல்லாம் குறிச்சுக்குற சீட்டு) "சத்தம் வருது"ன்னு எழுத விடாதீங்க. எந்தப் பக்கம், எத்தன ஸ்பீடுல, எந்த மாதிரி ரோட்டுல, ஆளோடயா ஆளில்லாமயா, ஏசி போட்டா போடாமயான்னு சொல்லி எழுத வைங்க, செல்போன்ல சத்தத்த ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தா போட்டுக் காட்டுங்க. சூப்பர்வைசரப் பக்கத்துல ஒக்கார வச்சு நீங்களே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுறது இன்னும் நல்லது, ஏன்னா வொர்க் ஷாப்புக்குள்ள நிக்கிற வண்டி எந்தச் சத்தமும் போடாது. ஆளோட இருந்தாத்தான் வரும்னா வீட்டுலருந்தே நாலு பேரக் கூட்டிட்டுப் போங்க. வாரண்டி இருக்க வண்டியில வெளிய எங்கயும் ஒயர வெட்டி லைட்டு, ஹாரன், கேமரா மாட்ட வேணாம், ஒயர வெட்டாம கப்ளர்ல (ஒயர இணைக்கிற பிளக்கு) சொருகுறதா இருந்தா மட்டும் மாட்டுங்க. எந்தப் பார்ட்ட மாத்துனாலும் பழசக் கேட்டு வாங்கிட்டு வாங்க.