பழைய செயின்சாவைச் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரம் அறுக்கும் மோட்டார் ரம்பமான செயின்சா, பழையது ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பிளக்கைத் துடைத்து மாட்டுவார்கள், கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவார்கள், கயிற்றை இழுப்பார்கள். கெடுதல் அங்கேதான் ஆரம்பம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினை யாரும் சும்மா மூலையில் போட்டுவிட மாட்டார்கள். 1959இல் ஸ்டில் கம்பெனி இறக்கிய கான்ட்ராவாக இருக்கட்டும், அதே ஆண்டு ஹஸ்க்வர்னா இறக்கிய தன் முதல் செயின்சாவான ‘90’ மாடலாக இருக்கட்டும், ஏதோ ஒரு கோளாறு வந்துதான் ஓரம் கட்டியிருப்பார்கள். அந்தக் கோளாறு என்னவென்று தெரியாமல் கயிற்றை இழுக்கும்போது, சா ஸ்டார்ட் ஆகாமல் இருப்பதைவிட ஸ்டார்ட் ஆகிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள். பிஸ்டனை மெதுவாக நகர்த்தி, எக்ஸாஸ்ட் வாசல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் பளபளவென்று, கடைசல் கோடு லேசாகத் தெரிந்தால் நல்ல சகுனம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று கூடி, சூடேறிப் பிடித்திருக்கிறது. சுற்றிலும் கீறல் என்றால் யாரோ ஆயில் கலக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். கார்பரேட்டரைக் கழற்றி இன்டேக் பக்கம் பார்க்கும்போது சாம்பல் நிறத்தில் மங்கித் தேய்ந்திருந்தால், கிழிந்த ஃபில்டர் வழியாகத் தூசி குடித்த வண்டி அது. பத்து நிமிட வேலைதான். இதைப் பார்க்காமல் புது பிஸ்டன் வாங்கிப் போடுகிறவர்கள் சீக்கிரமே இன்னொரு பிஸ்டனும் வாங்குவார்கள், ஏனென்றால் முதல் பிஸ்டனைத் தின்ற காரணம் உள்ளேயேதான் இருக்கிறது.

அந்தக் காரணம் பெரும்பாலும் காற்றுக் கசிவு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸும் பம்ப் மாதிரி வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது உள்ளே வெற்றிடம், கீழே வரும்போது அழுத்தம். கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்கள் முப்பது நாற்பது வருடத்தில் இறுகிக் கெட்டியாகிவிடும். கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் மயிரிழை போல வெடிப்பு விழும். அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும், கலவை மெலியும். கலவையோடுதானே ஆயிலும் வருகிறது? பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

இங்கே பலர் செய்யும் தவறு, கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிக் கசிவை மறைப்பது. பெட்ரோலைக் கூட்டி வைத்தால் ஐடில், அதாவது ஆக்சிலேட்டர் இல்லாத ஓட்டம், அடங்கும், ஓட்டை அடையாது. பிரஷர் டெஸ்ட் செய்வதுதான் வழி. எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் பழைய டியூப் ரப்பர் வைத்து அடைத்து, பிரேக் பிளீட் செய்யும் கைப்பம்பால் சுமார் 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அதோடு விட்டுவிடக் கூடாது. அதே அளவு வெற்றிடமும் இழுத்துப் பார்க்க வேண்டும். அழுத்தத்தில் உதடு இறுகிப் பிடிக்கும் சீல், வெற்றிடத்தில் விட்டுக்கொடுக்கும். பாதி டெஸ்ட் செய்துவிட்டு ‘சீல் நல்லாத்தான் இருக்கு’ என்பவர்கள்தான் அதிகம்.

பிஸ்டனிலிருந்து சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை எடுக்க ஆசிட் ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பாதி உண்மை. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினியத்தைக் கரைக்கும்தான், ஆனால் குரோம் பூச்சையும் கரைக்கும். அந்தக் காலத்துச் சிலிண்டர்கள் பல, குரோம் பூசியவை. நிக்கசில் என்ற நிக்கல் கலவை பூசிய சிலிண்டருக்குச் சரிப்பட்ட வைத்தியம் குரோமுக்கு எமன். நிக்கசிலிலும்கூட எக்ஸாஸ்ட் வாசலின் விளிம்பில் பூச்சு இல்லாத அலுமினியம் இருக்கிறது, ஒரு துளி வழிந்தால் அரித்துவிடும். எந்தப் பூச்சு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் நைஸ் எமரி தாளும் பொறுமையும் போதும். நீளவாக்கில் தேய்க்காமல் குறுக்காகத் தேய்க்க வேண்டும். ஸ்கூட்டருக்குச் செய்வதுபோல் லேத்தில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போர் போடுவது பேச்சுக்கே இடமில்லை. மெல்லிய பூச்சு போய்விட்டால் சிலிண்டரே போனது.

பாடியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வெள்ளையாக, லேசாக இருக்கும் கிராங்க் கேஸை அலுமினியம் என்று நினைத்து வினிகரில் ஊறப் போடுகிறார்கள். பல மாடல்களில் அது மெக்னீசியம். வினிகர் அதைப் பொங்கப் பொங்க அரித்துவிடும். இறுகிய ஸ்க்ரூவுக்கு கேஸ் டார்ச் காட்டுவதும் வேண்டாம். ஹீட் கன் போதும், அதுவும் டேங்க் முழுக்கக் காலியான பிறகு. பழைய கேஸ்கெட்டில் கல்நார் இருக்கலாம் என்பதால் காய்ந்தபடி சுரண்டித் தூசி பறக்கவிடாமல் எண்ணெய் நனைத்துச் சுரண்டுங்கள். மணல் அடித்துப் பெயின்ட் போடும் ஆசை எனக்குப் புரிவதே இல்லை. ஒரு மணல் பேரிங்குக்குள் போனால் போதும், எல்லாம் முதலிலிருந்து.

கிளட்ச்சைக் கழற்றும்போது பலத்தைக் காட்டாதீர்கள். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்றவற்றில் கிளட்ச் இடது மரை, கடிகார திசையில் திருப்பினால்தான் கழலும். எஞ்சின் சுற்றாமல் நிறுத்த பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவர் விட்டால் பிஸ்டன் தலை பொத்துவிடும். நைலான் கயிறு விடுங்கள். அதையும் பிஸ்டன் எக்ஸாஸ்ட் வாசலை மூடிய பிறகுதான் விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு வாசலில் மாட்டி நறுங்கும். காந்தச் சக்கரமான மேக்னட்டைக் கழற்ற கிராங்க் முனையில் சுத்தியால் அடிப்பதற்குப் பதில் புல்லர் வாங்கிவிடலாம்.

கார்பரேட்டர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. கிட் வாங்கி மாற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ்கெட்டும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் வைக்கும் வரிசை பம்ப் பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி. கம்ப்ரஸர் காற்றை நாசிலுக்குள் முழு வேகத்தில் விட்டால் உள்ளே இருக்கும் சின்ன வால்வு பிய்ந்துவிடும்.

டேங்கில் ‘16:1’ என்று, அதாவது 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்று, எழுதியிருப்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள். சாதாரண எஞ்சின் ஆயில் ஊற்றிய காலத்துக் கணக்கு அது, லிட்டருக்கு 62 மில்லி. இன்றைய நல்ல 2டி ஆயிலுக்கு லிட்டருக்கு 30 மில்லி தாராளம். ஆயில் குறைந்த அளவுக்குப் பெட்ரோல் கூடுவதால் கார்பரேட்டரை மறுபடி செட் செய்தாக வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் சும்மா ஓடும்போது லேசாகத் திக்கித் திக்கி ஓடி, மரத்தில் வைத்ததும் சத்தம் தெளிய வேண்டும். சும்மாவே கிரீச்சென்று கத்தினால் கலவை மெலிந்திருக்கிறது. இப்போது நம் ஊர் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூபுக்கும் டயாஃப்ரமுக்கும் அது ஆகாது. ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

கடைசியில் செயின். அந்தக் காலத்துச் சாக்கள் பலவற்றில் செயினை இழுக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் .404 அங்குல பிட்சில் (கண்ணி இடைவெளி அளவு) இருக்கும். கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 3/8 செயினை அதன்மேல் போட்டால் பல் உட்காராமல் தாவும். செயின், ஸ்ப்ராக்கெட், செயின் ஓடும் தகடான பாரின் முனைச் சக்கரம் மூன்றும் ஒரே பிட்சாக இருக்க வேண்டும். இன்னொன்று, 1970களுக்கு முந்தைய சாக்களில் செயின் பிரேக் கிடையாது. பாரின் மேல் முனை மரத்தில் பட்டு உதைத்தால் நிறுத்த எதுவும் இல்லை. அதனால் சோதனை வெட்டு தரையில் கட்டையைப் படுக்க வைத்து, கிக் பேக் குறைவான செயின் போட்டு, இரு கையும் பிடியில் இறுக்கி.