எஞ்சின் நின்னா ரீஸ்டார்ட் அப்புறம், மொதல்ல மூக்கை இறக்கு

சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்துலயோ கடல் தாண்டி ஜோகூர் பக்கம் போயோ சின்ன ஃப்ளைட் ஓட்டக் கத்துக்கிற நம்ம பசங்ககிட்ட எஞ்சின் நின்னா மொதல்ல என்னப்பா பண்ணுவன்னு கேட்டா நிறைய பேர் டக்குனு "ரீஸ்டார்ட்"ங்கிறாங்க. தப்பு அங்கயே ஆரம்பிக்குது. டேக்ஆஃப் ஆகி ஏறிட்டிருக்கப்ப மூக்கு மேல பாத்துட்டு இருக்கும், அந்த நேரம் பவர் போச்சுன்னா ஸ்பீடு சில செகண்ட்லயே கரைஞ்சிடும், தரை வேற கிட்ட வர்ற மாதிரி இருக்கறதால கை தானா யோக்கை, அதாவது மூக்கை ஏத்தி இறக்குற பிடியை, இழுக்கும், இழுத்தா ஸ்டால்தான், றெக்கை தூக்குற சக்தியை இழந்துடும். எஞ்சின் இல்லாம மிதந்து இறங்குறப்ப வைக்க வேண்டிய க்ளைட் ஸ்பீடு செஸ்னா 172எஸ்-க்கு 68 நாட், மூக்கை இறக்கி அதைப் புடிச்சுட்டா காத்து இல்லாதப்ப ஆயிரம் அடிக்கு சுமார் ஒன்றரை நாட்டிகல் மைல் போகலாம். உங்க விமானத்துக்கு எவ்வளவுன்னு அதோட ஹேண்ட்புக்ல பாத்துக்கோங்க.

அடுத்தது, ரன்வேக்கே திரும்பிடலாம்ங்கிற ஆசை. இதுல போன உயிர் நிறைய. 180 டிகிரி திரும்புனா போதும்னு நெனைப்பாங்க, ஆனா அது ரன்வேக்குப் பக்கத்துலதான் கொண்டு விடும், அதனால 200க்கு மேல திரும்பி மறுபடி நேராக்கணும், 45 டிகிரி சாய்ச்சா ஸ்டால் ஸ்பீடும் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறிடும், போதாததுக்கு பின்காத்து. கம்மி உயரத்துல நேரா முன்னாடியோ கொஞ்சம் இடது வலதுலயோ கெடைக்கிற இடத்துல இறக்குறதுதான் புத்தி. சிலேத்தாரைச் சுத்தி ஒரு பக்கம் ஜோகூர் நீரிணை, இன்னொரு பக்கம் ஈசூன், செங்காங் அடுக்குமாடி புளோக்குங்க, அதனால எஞ்சின் நின்னா எங்க போவேன்னு ரன்வேல ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாய்விட்டு சொல்லிடணும்.

உயரம் இருந்தா, இடத்தைத் தேர்ந்தெடுத்து அது பக்கம் திருப்பிட்டு அப்புறம் ரீஸ்டார்ட். பாக்க வேண்டியது, எந்த டேங்க்லேருந்து பெட்ரோல் வரணும்னு மாத்துற செலக்டர், பெட்ரோல்-காத்து கலவையை மாத்துற மிக்ஸ்சர், பெட்ரோல் பம்ப், இக்னிஷன். பைப்பர் வாரியர் மாதிரி விமானத்துல ரெண்டு டேங்கையும் ஒண்ணா வைக்க முடியாது, ஒரு பக்கம் காலியாகி எஞ்சின் நிக்கிறதும் உண்டு, மாத்தி விட்டாலே திரும்பப் புடிச்சிடலாம். கார்புரேட்டர் எஞ்சினா இருந்தா அதுக்குள்ள கட்டுற ஐஸை எஞ்சின் சூட்டால உருக்குற கார்ப் ஹீட்டை உடனே இழுத்துடுங்க, எஞ்சின் ஆறிட்டா சூடு கெடைக்காது. நம்ம ஊர் புழுக்கத்துல எங்க ஐஸ்னு சிரிக்காதீங்க, பெட்ரோல் ஆவியாகுறப்ப உள்ள ஜில்லுனு ஆகும், ஈரப்பதம் வேற இவ்வளவு, கம்மி பவர்ல இறங்குறப்ப நல்லாவே கட்டும்.

ரேடியோல ஆபத்துன்னு மேடே சொல்றது, ரேடார்ல அவசரம்னு காட்ட ட்ரான்ஸ்பாண்டர்ல 7700 போடுறது எல்லாம் நேரம் இருந்தா. டவர் உங்க விமானத்தை ஓட்டாது.

சின்ன தப்புங்க சிலது இருக்கு. ஜோகூர்ல செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல காலி இடம் பாத்தா கரண்ட் கம்பியைத் தேடாதீங்க, கண்ணுக்குத் தெரியாது, கோபுரத்தைத் தேடுங்க. றெக்கைக்குப் பின்னாடி இறங்கி வேகத்தைக் குறைக்கிற ஃப்ளாப்ஸை சீக்கிரமே இறக்கிட்டு இடம் எட்டலையேன்னு முழிக்கிறது இன்னொண்ணு. அந்த ஃப்ளாப்ஸ் 172ல கரண்ட்ல ஓடுறது, அதனால பெட்ரோலையும் இக்னிஷனையும் மூடிட்டு, ஃப்ளாப்ஸ் இறங்கினதுக்கு அப்புறம்தான் மொத்த கரண்டுக்கும் உள்ள மாஸ்டர் ஸ்விட்சை அணைக்கணும். கதவை இறங்கறதுக்கு முன்னாடியே லேசா திறந்து வைங்க, மோதி நசுங்கினா அப்புறம் திறக்காது.

தண்ணியில இறங்குறதா இருந்தா லைஃப் ஜாக்கெட்டை உள்ள உக்காந்தே ஊதிடாதீங்க. தண்ணி ஏறினா அது உங்களைக் கூரையோட ஒட்டிடும், கதவுக்குக் குனியவே முடியாது. வெளிய வந்துட்டு இழுங்க.