ஐரோப்பியப் போர்க்களங்களுக்குப் போகிறீர்களா? வண்டி விஷயத்தில் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

முதல் உலகப் போரில், 1916-இல், பிரான்சின் வெர்டன் நகரைக் காப்பாற்றியது ஒரு சாலை. நகருக்குப் போகும் பெரிய ரயில் பாதைகளை ஜெர்மன் படைகள் முடக்கிவிட்டன. மிஞ்சியது ஒரு குறுகிய ரயில் பாதையும், தெற்கே பார்-லெ-துக் ஊரிலிருந்து வரும் சாலையும்தான். சண்டை உச்சத்தில் இருந்த நாட்களில் அந்தச் சாலையில் 14 வினாடிக்கு ஒரு லாரி போனது என்பது பிரான்சில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் வெர்டன் போய்ச் சேர்வது அவ்வளவு சுலபமாகிவிடவில்லை. பாரிசிலிருந்து நேரடி அதிவேக ரயில் ஊருக்குள் வராது.

பெரும்பாலான போர்க்களங்கள் இப்படித்தான். சண்டை நடந்தது குன்றுகளிலும், ஆற்றோரத்திலும், கோதுமை வயல்களிலும், கடற்கரையிலும். ரயில் உங்களை ஊர்வரை கொண்டுவந்து விடும். பார்க்க வந்த இடம் அங்கிருந்து இன்னும் பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நம் ஆட்கள் விமானத்துக்கும் ரயிலுக்கும் மாதக்கணக்கில் விலை பார்த்துவிட்டு, இந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டரை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பயணம் கெடுவது அங்கேதான். ஆகவே எந்த மண்ணில் நிற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தக் கடைசித் தூரத்துக்கு எது சரிப்படும் என்று அடுத்துப் பாருங்கள். விமானமும் ரயிலும் அதற்குப் பிறகு.

ஸ்டேஷன் பெயரை நம்பி இறங்குவது

மேஸ் டி.ஜி.வி. என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது (டி.ஜி.வி. என்பது பிரெஞ்சு அதிவேக ரயில்). பாரிசிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றதும் வெர்டனுக்கு வந்துவிட்டோம் என்றே தோன்றும். ஆனால் வெர்டன் அங்கிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ரயில் நேரத்தை ஒட்டி ஒரு பஸ் ஓடுகிறது, அதை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அதில் வெர்டன் வந்து சேர்ந்தாலும் வேலை முடிந்துவிடாது. துவோமோன் கோட்டையும், அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கும் துவோமோன் நினைவிடமும், குண்டு வீச்சில் அழிந்து இன்றுவரை மீண்டும் கட்டப்படாத ஃப்ளூரி கிராமமும் நகரத்துக்கு வெளியே, சுமார் 10 கிலோமீட்டரில், நகரத்தைவிட 200 மீட்டர் அளவு உயரத்தில் காட்டுக்குள் இருக்கின்றன. வாடகைக் கார் இல்லையென்றால் டாக்சியை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். சாதாரண சைக்கிளில் அந்த ஏற்றம் ஆளைக் களைப்பாக்கிவிடும், மின்சார சைக்கிள் என்றால் பரவாயில்லை. நடந்தாலும் சைக்கிளில் போனாலும் பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். வெடிக்காத குண்டுகள் அந்த மண்ணில் இன்னும் கிடக்கின்றன.

வட பிரான்சின் சொம் போர்க்களத்திலும் இதே பொறி உண்டு. ஹோத்-பிகார்டி டி.ஜி.வி. ஸ்டேஷனை வயல் நடுவே கட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அதை பீட்ரூட் ஸ்டேஷன் என்றே அழைக்கிறார்கள். நீங்கள் இறங்க வேண்டியது ஆல்பர் என்ற சிறிய ஊரில். அமியான், ஆராஸ் இரண்டு ஊர்களிலிருந்தும் அங்கே சாதாரண ரயில் உண்டு.

வாட்டர்லூவிலும் அப்படியே. பெயரைப் பார்த்து வாட்டர்லூ ஸ்டேஷனில் இறங்கினால் 1815-இல் சண்டை நடந்த மேடும் சிங்கச் சிலைக் குன்றும் தூரம். பிரஸல்ஸிலிருந்து வரும் அதே தடத்தில் பிரேன்-லாலூ ஸ்டேஷன்தான் பக்கம்.

நார்மண்டியை ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது

அடிக்கடி நடக்கும் தவறும் இதுதான், அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கிய ஐந்து கடற்கரைகள், மேற்கே யூட்டாவிலிருந்து கிழக்கே ஸ்வோர்ட் வரை, சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்திருக்கின்றன. பாரிஸ் சான்-லசார் ஸ்டேஷனிலிருந்து பாயூ ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். போக வர நாலரை மணி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் ஐந்து கடற்கரையையும் பார்க்க நினைத்தால் கார் கண்ணாடி வழியாக மணலைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

பாயூவில் இரண்டு இரவாவது தங்குங்கள். ஒமாகா கடற்கரைக்கு மேலே கொலவில் ஊரில் உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,300-க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அதற்கு மட்டுமே ஒரு காலைப் பொழுது வேண்டும். பாயூவிலிருந்து ஒமாகா பக்கமும் அரோமான்ஷ் பக்கமும் பஸ் போகிறது. ஆனால் அவை முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஓடும் பஸ்கள். கோடையில் கூடும், குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மிகவும் குறைந்துவிடும். போகும் பஸ்ஸின் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பாருங்கள்.

கார் ஓட்டாதவர்களுக்கு என் யோசனை, பாயூவிலிருந்து கிளம்பும் வழிகாட்டியுடன் கூடிய மினிவேன் பயணம். இதிலும் ஒரு தவறு நடக்கிறது. எத்தனை இடம் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். பல பயணங்கள் அமெரிக்கப் பகுதிக்கு மட்டும் போகும். கனடியர்கள் இறங்கிய ஜூனோவோ, பிரிட்டிஷார் இறங்கிய கோல்ட், ஸ்வோர்ட் கடற்கரைகளோ அதில் இருக்காது. நீங்கள் எதைப் பார்க்க வந்தீர்களோ அது இருக்கிறதா என்று கேளுங்கள். இடங்கள் குறைவாக இருந்தால் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்க்க நேரம் கிடைக்கும். ஜூன் முதல் வாரத்தில் நினைவு விழாக்களுக்காகச் சாலைகளை மூடுவார்கள். விழாவுக்கென்றே போனால் ஒழிய அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. போர்ட்ஸ்மத்திலிருந்து வரும் கப்பல் விஸ்ட்ரியாம் துறைமுகத்தில் நிற்கிறது. ஸ்வோர்ட் கடற்கரையின் கிழக்கு முனை அதுதான். சைக்கிளோடு கப்பல் ஏறினால், இறங்கியதும் கால்வாய் ஓரமாக ஐந்து கிலோமீட்டர் மிதித்தாலே பெகாசஸ் பாலம். கிளைடர்களில் வந்த வீரர்கள் நள்ளிரவில் பிடித்த அந்தப் பாலத்துக்குக் கார் தேவையே இல்லை.

எல்லா இடத்துக்கும் ஒரே வண்டி

கார் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு ரயில் இருக்கிறது, மெனின் வாயிலுக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். கல்லறை தெரியாத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன, இந்திய வீரர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. சுற்றுவட்டாரம் பெரும்பாலும் சமதரை, சைக்கிள் பாதைகளுக்கு எண் போட்ட பலகைகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட 12,000 பேர் அடக்கமான டைன் காட் கல்லறைத் தோட்டம் பத்து கிலோமீட்டருக்குள்தான். சைக்கிளில் போனால், எட்டு கிலோமீட்டர் முன்னேற நூறு நாள் ஆன 1917 பாஷெண்டேல் சண்டையின் அளவு உங்கள் காலுக்கே புரியும். காரில் அது சில நிமிடங்களில் கடந்துவிடும். ஆனால் மெனின் வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு ஊதப்படும் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசையைக் கேட்க நின்றால், கிராமப் பக்கம் போகும் கடைசி பஸ் அதற்குள் போயிருக்கும். அன்றிரவு ஈப்பரிலேயே தங்குங்கள்.

நெதர்லாந்தின் ஆர்னெமிலும் கார் வேண்டாம். 1944-இல் சண்டை நடந்த பக்கத்து ஊரான ஓஸ்டர்பேக்குக்குத் தனி ஸ்டேஷனே இருக்கிறது.

சொம் வேறு மாதிரி. 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்த அந்தப் போர்முனை பல கிராமங்களைத் தொட்டுச் செல்கிறது. தியப்வால் நினைவு வளைவு, லா ப்வாசெல் பெருங்குழி, போமோன்-ஹாமெல், டெல்வில் காடு எல்லாம் தனித்தனித் திசையில் இருக்கின்றன. இங்கே கார் உண்மையிலேயே உதவும். சில கல்லறைத் தோட்டங்களுக்கு வயல் நடுவே புல்பாதைதான் உண்டு. மழை பெய்தால் அந்தச் சுண்ணாம்பு மண் சேறாகிவிடும், காரைச் சாலையோரம் விட்டுவிட்டு நடங்கள்.

கார் எடுப்பதென்றால்

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், புறப்படும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். முன்பணத்தைப் பிடித்துவைக்கப் பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். சும்மா பதிவு செய்தால் கியர் வண்டிதான் வரும், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பே கேட்டு வாங்குங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் ஊரில், வலக்கையால் கியர் மாற்றிக்கொண்டு, கிராமத்துச் சந்தில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிடும் பிரெஞ்சு விதியையும் நினைவில் வைப்பது முதல் நாளில் சிரமம். சிறிய ஊர்களில் வாடகைக் கார் அலுவலகம் மதியம் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை திறக்காமலும் இருக்கலாம். பாரிசிலிருந்து நார்மண்டி போகும் ஏ13 நெடுஞ்சாலையில் 2024-இல் சுங்கச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். நிற்காமல் போய்விட்டு 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். தெரியாமல் விட்டால் அபராதம் வாடகை நிறுவனம் வழியாக, அவர்கள் கட்டணமும் சேர்ந்து, வீட்டுக்கு வரும்.

நம் ஆட்கள் நின்ற இடங்களை விட்டுவிடுவது

இத்தாலியின் மோண்டே கசினோவை ரோமிலிருந்து சாதாரண ரயிலில் ஒரே நாளில் பார்க்கலாம், இங்கே அது நடக்கும். காமன்வெல்த் கல்லறைத் தோட்டம் அடிவாரத்தில், நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மடாலயம் 500 மீட்டருக்கு மேல் உயரத்தில், கொண்டை ஊசி வளைவுகளோடு 9 கிலோமீட்டர் சாலை. மேலே போகும் பஸ் நாளுக்குச் சில முறைதான். டாக்சியில் ஏறி, திரும்பி வரவும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். 1944-இல் அந்த மலையில் மோதிய 4-ஆம் இந்திய டிவிஷனில் மதராஸ் சப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவும் இருந்தது. அதே ரயில் தடத்தில் தெற்கே இருக்கும் மின்யானோ பக்கத்தில்தான், 1944 பிப்ரவரி 24 அன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் பாய்ந்து உயிர் விட்டார். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது. கசினோ வரை போகிறவர்கள் அந்தக் கொஞ்ச தூரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பிரான்சில் நவ்-ஷாபெல். 1915 மார்ச்சில் இந்தியப் படைகள் பெரிய அளவில் போரிட்ட அந்தக் கிராமத்தருகே, 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களோடு வட்டமான நினைவகம் நிற்கிறது. லில்லிலிருந்து பெத்யூன் போகும் ரயிலில் லா பாசேயில் இறங்கினால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் அளவு. வண்டிகள் வேகமாகப் போகும் சாலை என்பதால் நடக்க வேண்டாம். லில்லிலேயே காரோ டாக்சியோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், சாலைச் சந்திப்பில் இருக்கும் அந்த இடத்தில் நின்று கைகாட்டினால் நிற்கும் டாக்சி எதுவும் வராது. ஈப்பர் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். காலையில் நவ்-ஷாபெல், இரவு 8 மணிக்கு மெனின் வாயில் என்று ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம்.